இடைமுகமும் நம்பிக்கையும்: நுரைச்சோலையை முன்னிறுத்தி, மென்பொருள் தீச்சுவர் வழிப்படுத்தி பற்றிய ஒரு நோக்கு

1. பொருளும் எல்லையும்

புத்தளம் மாவட்டத்திலே, கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் அமைந்துள்ள நுரைச்சோலை இன்று இலங்கை மக்கள் யாவரும் அறிந்த பெயராகிவிட்டது. கடற்றொழிலையும் தோட்டப் பயிர்ச்செய்கையையும் சார்ந்திருந்த அக்கரையோரத்திலே, சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனுதவியுடன், சீன இயந்திரப் பொறியியற் கூட்டுத்தாபனத்தினால் நிருமாணிக்கப்பட்ட லக்விஜய நிலக்கரி மின்னிலையத்தின் முதலாவது அலகு 2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே தொடக்கிவைக்கப்பட்டது. 2014இல் மூன்று அலகுகளும் நிறைவுற்றன. ஒவ்வோர் அலகும் 300 மெகாவற்று வலுவுடையது. மொத்தம் 900 மெகாவற்று. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினைப் பல ஆண்டுகளில் இவ்வொரு நிலையமே வழங்கியுள்ளது.

ஒரே நிலையத்தின்மீது இவ்வளவு பெரிய சுமை தங்கியிருப்பதன் பொருளை 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் உணர்ந்தது. பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்றினால் ஏற்பட்டதாகக் கூறப்பட்ட கோளாறு நாடளாவிய மின்தடையாக விரிந்தது. அதன்போது நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் தாமாகவே நின்றுபோயின. மின்சாரம் அன்றே பெரும்பாலும் மீண்டதாயினும், நின்ற நிலக்கரி அலகுகளை மீளவும் இயக்கச் சில நாட்கள் தேவைப்பட்டமையால், அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு நடைமுறைப்படுத்தப்பட்டது. அது கணினித் தாக்குதலன்று. எனினும், எங்கோ ஓரிடத்தில் நிகழும் சிறு பிழை, இணைப்புகளின் வழியே ஓடி, நாட்டின் இதயத்தையே நிறுத்தவல்லது என்பதற்கு அது போதிய சான்றாகும்.

மின்னிலையமொன்று கொதிகலனும் சுழலியும் மின்பிறப்பாக்கியும் மட்டும் கொண்டதன்று. நீராவியின் அமுக்கத்தை அளக்கும் உணரி, வால்வைத் திறக்கும் கட்டுப்படுத்தி, கட்டுப்பாட்டறையின் திரை, அலுவலகத்தின் சம்பளக் கணக்கு, தொலைவிலிருந்து பராமரிப்பு ஆலோசனை கூறும் வழங்குநர் என யாவும் இன்று கணினி வலையமைப்புகளால் பிணைக்கப்படுகின்றன. இவற்றுள் எதனை எதனோடு இணைப்பது, எதனை எதனிலிருந்து பிரிப்பது என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருளாகும். எந்தவொரு குறிப்பிட்ட நிலையத்தினதும் உள்ளமைப்பை விவரிப்பது எமது நோக்கமன்று. நுரைச்சோலை போன்ற நிலையமொன்றை மனத்திற்கொண்டு, பொதுக் கணினியொன்றிலே மென்பொருளால் அமைக்கப்படும் தீச்சுவர் வழிப்படுத்தியின் இடைமுகங்கள் எவ்வாறு ஒழுங்கமைக்கப்படவேண்டும் என்பதையும், அவ்வொழுங்கமைப்பினுள் மறைந்துகிடக்கும் சமூக முடிவுகள் யாவை என்பதையும் விளக்க முனைகின்றோம்.

2. இடைமுகம் என்பது யாது?

வலையமைப்பிலே தகவல் சிறு சிறு பொதிகளாகப் பயணஞ் செய்கின்றது. ஒவ்வொரு பொதியும் தான் எங்கிருந்து வருகின்றது, எங்கே செல்லவேண்டும் என்பதைத் தன் நெற்றியிலே எழுதிக்கொண்டு வருகின்றது. வழிப்படுத்தி என்பது ஒன்றுக்கு மேற்பட்ட வலையமைப்புகளின் சந்தியில் நின்று, செல்லுமிடத்தைப் படித்து, பொதியை உரிய பக்கத்துக்கு அனுப்பும் கருவி. எப்பொதி செல்லலாம், எப்பொதி செல்லலாகாது என்று தீர்மானிக்கும் பணியும் அதனுடன் சேரும்போது அது தீச்சுவர் வழிப்படுத்தியாகின்றது. அக்கருவி ஒவ்வொரு வலையமைப்பையும் தொடும் இடமே இடைமுகம் எனப்படும். பெரும்பாலும் அது ஒரு வடம் செருகப்படும் அட்டை. சில வேளைகளில் ஒரே வடத்தினுள் மென்பொருளால் வகுக்கப்பட்ட கற்பனைப் பிரிவு.

இங்கு கவனிக்கத்தக்க அடிப்படை உண்மை ஒன்றுண்டு. பொதியின் நெற்றியில் உள்ளவை யாவும் அதனை அனுப்பியவன் எழுதியவை. அவன் பொய்யான முகவரியை எழுதலாம். வெளியாள் ஒருவன் தன்னை உள்ளாளெனக் காட்டிக்கொள்ளலாம். ஆனால், அப்பொதி எந்த இடைமுகத்தின் வழியாக வந்து சேர்ந்தது என்பதை அவன் எழுதுவதில்லை. அதற்கு எமது கருவியே சாட்சி.

நுரைச்சோலைக்கு வரும் நிலக்கரியை எடுத்து நோக்குவோம். பெருங்கப்பல்கள் ஆழ்கடலிலே நங்கூரமிடுகின்றன. நிலக்கரி அங்கே பாரப்படகுகளுக்கு மாற்றப்பட்டு, மின்னிலையத்தின் இறங்குதுறைக்குக் கொண்டுவரப்படுகின்றது. கப்பலின் பத்திரத்தில் எதுவும் எழுதப்பட்டிருக்கலாம். எந்தத் துறையில் வந்து இறங்கியது என்பதைத் துறையில் நிற்பவரே அறிவார். தீச்சுவரின் எல்லாத் தீர்ப்புகளும் இறுதியில் இத்தகைய துறையறிவையே ஆதாரமாகக் கொள்கின்றன. ஆகவே, விதிகள் எவ்வளவு நுட்பமாக எழுதப்பட்டிருப்பினும், இடைமுகங்கள் பிழையாக வகுக்கப்பட்டிருப்பின் அவ்விதிகள் வெறும் எழுத்துகளாகவே எஞ்சும். இதுவே இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விழையும் கருத்து.

3. மென்பொருளாலான சுவர்

தொண்ணூறுகளில் தீச்சுவர் என்பது பெரும்பாலும் விலைகொடுத்து வாங்கப்படும் மூடிய பெட்டியாகவே அறியப்பட்டது. அதனுள்ளே என்ன நிகழ்கின்றது என்பதை விற்றவரே அறிவார். இந்நிலையை மாற்றியது திறந்த மூல மென்பொருள் இயக்கமாகும். 2001ஆம் ஆண்டிலே லினக்ஸ் கருப்பகுதியின் 2.4ஆம் பதிப்புடன் நெட்ஃபில்டர் என்னும் வடிகட்டும் அமைப்பு வெளிவந்தது. அதே ஆண்டின் இறுதியிலே ஓப்பன்பி.எஸ்.டி.யின் 3.0ஆம் பதிப்புடன், டானியல் ஹார்ட்மையர் எழுதத் தொடங்கிய பி.எஃப். என்னும் பொதி வடிகட்டி வெளிவந்தது. 2003இல் மனுவேல் காஸ்பர் தொடங்கிய மோனோவால், அதிலிருந்து 2004இல் கிளைத்த பிஎஃப்சென்ஸ், அதிலிருந்து 2015இல் கிளைத்த ஓபிஎன்சென்ஸ் ஆகியன, இவ்வடிகட்டிகளை உலாவித் திரையின் வழியே எவரும் கையாளக்கூடிய முழுமையான முறைமைகளாக வளர்த்தன.

இவ்வளர்ச்சியின் பயன், இரண்டோ மூன்றோ வலையமைப்பு அட்டைகளைக் கொண்ட சாதாரண கணினியொன்றே தீச்சுவர் வழிப்படுத்தியாக இயங்க முடிவதாகும். அந்நியச் செலாவணி நெருக்கடியைத் தொடர்ந்து எதிர்நோக்கும் எம்போன்ற நாடுகளுக்கு இது சிறிய நன்மையன்று. ஆனால் பெட்டியை வாங்கும்போது பெட்டியின் முகப்பிலே "வெளி", "உள்" என்று அச்சிடப்பட்டிருக்கும். பொதுக் கணினியிலோ எந்தத் துவாரம் வெளி, எந்தத் துவாரம் உள் என்பதை நாமே தீர்மானிக்கவேண்டும். சுதந்திரத்தோடு பொறுப்பும் எமது கைக்கு வருகின்றது.

4. இடைமுகங்களை இனங்காணல்

முதற்பணி, கணினியின் பின்புறத்திலுள்ள ஒவ்வொரு துவாரத்துக்கும் முறைமையினுள் வழங்கும் பெயர் யாதென அறிதல். இது எளிதெனத் தோன்றினும் பல விபத்துகளின் பிறப்பிடம் இதுவே. லினக்ஸ் முறைமைகளிலே முன்னர் அட்டைகளுக்கு எத்0, எத்1, எத்2 என, அவை கண்டறியப்படும் ஒழுங்கிலே பெயர் சூட்டப்பட்டது. மறுதொடக்கத்தின்போது அவ்வொழுங்கு மாறினால், நேற்று வெளியென இருந்தது இன்று உள்ளென ஆகிவிடும். விதிகளோ பெயரைத் தொடர்ந்து செல்லும். இதனைத் தவிர்க்கும்பொருட்டு, 2013இலிருந்து அட்டை பொருத்தப்பட்டுள்ள இடத்தைக்கொண்டு பெயரிடும் முறை பரவலாயிற்று. ஃபிறீபி.எஸ்.டி. வழிவந்த முறைமைகளிலே பெயர் அட்டையின் இயக்கியைத் தழுவி ஈ.எம்.0, ஈ.எம்.1 என அமையும். அங்கே பழுதுபட்ட அட்டையொன்றைக் கழற்றினால் அடுத்த அட்டை அதன் இலக்கத்தை ஏற்கக்கூடும்.

ஆகவே, பெயரை நம்பாது பொருளை நம்புவதே நெறி. எல்லா வடங்களையும் கழற்றிவிட்டு, ஒன்றை மட்டும் செருகி, எந்த இடைமுகம் "இணைப்புண்டு" எனக் காட்டுகின்றது என நோக்கவேண்டும். ஒவ்வோர் அட்டைக்கும் உரிய 48 பிற்று நீளமான மாக் முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் முதல் 24 பிற்றுகள் வழமையாக உற்பத்தியாளரைக் குறிப்பன. பின்னர் துவாரத்தின் மேலும், வடத்தின் இரு முனைகளிலும், நிலையத்தின் பதிவேட்டிலும் ஒரே பெயர் எழுதப்படவேண்டும். உப்புக் காற்று வீசும் கரையோரத்திலே செருகிகளின் உலோகத் தொடுகைகள் விரைவில் அரிக்கப்படுகின்றன. பழுதுபார்ப்பவர் நள்ளிரவில் வடத்தை மாற்றிச் செருகும் சந்தர்ப்பங்கள் அங்கு ஏனைய இடங்களிலும் மிகுதியாகவே எழும். கைவிளக்கின் ஒளியிலே வாசிக்கக்கூடிய பெயர்ச்சீட்டு, அவ்வேளையில் எந்த மென்பொருளிலும் பயன்மிக்கது.

5. முகவரியும் வழியும்

விளக்கத்தின் பொருட்டு, நிலக்கரி மின்னிலையமொன்றுக்கு ஐந்து இடைமுகங்களைக் கொண்ட வழிப்படுத்தியொன்றை வகுத்துக்கொள்வோம். இங்கு தரப்படும் முகவரிகள் எடுத்துக்காட்டுக்கு உரியன.

முதலாவது, வெளி இடைமுகம். இது இணைய சேவை வழங்குநரை நோக்கியது, 203.0.113.2, முன்னொட்டு நீளம் 30. முன்னொட்டு 30 எனின் நான்கு முகவரிகள் மட்டுமே அடங்கும். அவற்றுள் இரண்டே கருவிகளுக்குரியன, ஒன்று எமக்கு, மற்றையது வழங்குநருக்கு. இரண்டாவது, அலுவலக இடைமுகம்: 10.20.10.1, முன்னொட்டு 24. இங்கு 254 கருவி முகவரிகள் உள. மூன்றாவது, இடைவலயம்: 10.20.20.1. கட்டுப்பாட்டு முறைமையிலிருந்து எடுக்கப்படும் அளவீடுகளின் பிரதியை வைத்திருக்கும் சேவையகம் இங்கே நிற்கும். நான்காவது, கட்டுப்பாட்டு இடைமுகம்: 10.20.30.1. ஐந்தாவது, நிருவாக இடைமுகம்: 10.20.40.1, வழிப்படுத்தியைச் சீரமைக்கும் உரிமை இவ்வாயிலுக்கு மட்டுமே உண்டு. பத்தில் தொடங்கும் இம்முகவரிகள், 1996இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணம் 1918இன்படி தனியார் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டவை. பொது இணையத்தில் இவற்றுக்கு வழியில்லை.

இயல்புநிலை நுழைவாயில், அதாவது "வேறு வழி தெரியாதபோது இங்கே அனுப்பு" என்னும் கட்டளை, வழிப்படுத்தியில் வெளி இடைமுகத்துக்கு மட்டுமே தரப்படவேண்டும். பிஎஃப்சென்ஸ் போன்ற முறைமைகளிலே உள் இடைமுகமொன்றுக்கும் நுழைவாயிலைக் குறித்துவிட்டால், முறைமை அதனை வெளிப்பக்கமெனக் கருதிவிடும். புதியவர் செய்யும் பிழைகளில் இது மிகப் பரவலானது. கட்டுப்பாட்டு வலையமைப்பிலுள்ள கணினிகளுக்கு இயல்புநிலை நுழைவாயிலே தேவையில்லை. 10.20.20.0 வலையமைப்புக்கு 10.20.30.1 வழியாகச் செல்க என்னும் ஒரேயொரு வழி போதும். உலகத்துக்குச் செல்லும் பாதையை அறியாத இயந்திரம் உலகத்தோடு பேச முயலாது. அவ்வாறே, தானாக முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சேவை அலுவலக இடைமுகத்தில் மட்டும் இயங்கலாம். கட்டுப்பாட்டுப் பகுதியில் ஒவ்வொரு கருவிக்கும் நிலையான முகவரி எழுதப்படவேண்டும்.

மேலே கூறிய ஐந்தையும் ஐந்து அட்டைகளாக அன்றி, ஒரே வடத்தின் மீது ஐந்து மெய்நிகர் வலையமைப்புகளாகவும் வகுக்கலாம். 1998இல் நியமமாக்கப்பட்ட 802.1கியூ முறை, ஒவ்வொரு பொதிச் சட்டகத்திலும் நான்கு பைற்று அடையாளத்தைச் சேர்ப்பதன் மூலம் 4,094 பிரிவுகள் வரை இடமளிக்கின்றது. செலவு குறையும், ஆனால் எல்லைக் காவல், வழிப்படுத்தியின் கையிலிருந்து இடையிலுள்ள ஆளியின் கைக்கும் பகிரப்படும். ஆளியில் ஓர் எழுத்துப் பிழை எல்லையை அழித்துவிடும். ஆகவே, அலுவலகப் பிரிவுகளுக்கு மெய்நிகர் முறையை ஏற்பினும், கட்டுப்பாட்டு வலையமைப்புக்குத் தனி அட்டையும் தனி வடமும் தனி ஆளியும் வைத்தலே தகும்.

6. எந்த வாயிலில் யாரை நிறுத்துவது?

ஐந்து இடைமுகங்களுக்கிடையே ஒருதிசை வழிகள் இருபது உள. விதி எழுதுமுன் இவ்விருபதையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "ஆம்" அல்லது "இல்லை" எனக் குறித்தல் நன்று. எமது எடுத்துக்காட்டிலே "ஆம்" என்பன மூன்றே: அலுவலகத்திலிருந்து வெளிக்கு; அலுவலகத்திலிருந்து இடைவலயத்துக்கு; கட்டுப்பாட்டிலிருந்து இடைவலயத்துக்கு. எஞ்சிய பதினேழும் "இல்லை". அலுவலகத்திலிருக்கும் பொறியியலாளர் மின்னிலையத்தின் அளவீடுகளைப் பார்க்கலாம். ஆனால் பார்ப்பது இடைவலயத்திலுள்ள பிரதியையே. அப்பிரதியை அங்கு கொண்டுசேர்ப்பது கட்டுப்பாட்டுப் பகுதியே. உரையாடலைத் தொடங்கும் உரிமை அதற்கு மட்டும் உண்டு. தொடங்கப்பட்ட உரையாடலுக்கான மறுமொழிப் பொதிகளை வழிப்படுத்தி தன் நிலை அட்டவணையைப் பார்த்து அனுமதிக்கும். ஆகவே மறுமொழிக்கெனத் தனிக் கதவு திறக்கவேண்டியதில்லை.

பிஎஃப்சென்ஸ் மரபிலே, விதியானது பொதி உட்புகும் இடைமுகத்தில் எழுதப்படுகின்றது. அலுவலகத்திலிருந்து கட்டுப்பாட்டுக்குச் செல்ல முயலும் பொதியை அலுவலக வாயிலிலேயே நிறுத்தவேண்டும். கட்டுப்பாட்டு வாயிலில் எழுதப்படும் தடை, வேறு திசையில் வருவனவற்றையே தடுக்கும். இத்திசையுணர்வு பிழைத்தால், அழகாக எழுதப்பட்ட விதி ஒருபோதும் செயற்படாது கிடக்கும். லினக்ஸ் மரபிலே உட்புகும் இடைமுகத்தையும் வெளியேறும் இடைமுகத்தையும் ஒரே விதியில் குறிப்பிடலாம். அங்கு வழிப்படுத்தியை ஊடறுத்துச் செல்லும் பொதிகளும், வழிப்படுத்திக்கே உரிய பொதிகளும் வெவ்வேறு சங்கிலிகளில் ஆராயப்படுகின்றன. ஒன்றை மூடியமை மற்றதை மூடியதாகாது.

பொய் முகவரியைத் தடுக்கும் விதியும் இங்கேயே வருகின்றது. 10.20.30 எனத் தொடங்கும் மூல முகவரியுடன் அலுவலக இடைமுகத்தில் ஒரு பொதி வந்தால், அது பொய் அல்லது பிழை, இரண்டிலும் கைவிடப்படவேண்டியதே. இரண்டாவது பகுதியில் நாம் கூறிய துறையறிவு செயற்படும் இடம் இதுவே. அன்றியும், இணைய நெறிமுறையின் ஆறாம் பதிப்பை மறத்தலாகாது. தற்காலப் பணிசெயல் முறைமைகள் எவரும் கேளாமலே ஒவ்வோர் இடைமுகத்துக்கும் ஆறாம் பதிப்பின் இணைப்புநிலை முகவரியொன்றைத் தாமே அமைத்துக்கொள்கின்றன. நான்காம் பதிப்புக்கு மட்டும் விதி எழுதிய காவலர், முன்கதவைப் பூட்டிப் பக்கக்கதவைத் திறந்துவைத்தவராவார். தனியார் முகவரிகளைப் பொது முகவரியாக மாற்றும் முறையைப் பாதுகாப்பெனக் கருதுவதும் பிழையே. அது முகவரிப் பற்றாக்குறைக்கான பரிகாரம். காவல் அதன் பணியன்று.

வேலையின் ஒழுங்கும் முக்கியமானது. லினக்ஸிலே ஓர் இடைமுகத்திலிருந்து மற்றதற்குப் பொதியைக் கடத்தும் ஆற்றல் இயல்புநிலையில் அணைக்கப்பட்டுள்ளது. முதலில் யாவற்றையும் மறுக்கும் விதியை ஏற்றி, பின்னர் முகவரிகளை இட்டு, பின்னர் மூன்று அனுமதிகளைச் சேர்த்து, இறுதியாகவே கடத்தலை இயக்கவேண்டும். அதன்பின் இருபது வழிகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கவேண்டும். "ஆம்" என்றவை இயங்குகின்றன என்பதோடு நிறைவடைவது மனித இயல்பு. "இல்லை" என்ற பதினேழும் உண்மையில் மறுக்கப்படுகின்றனவா என அறிதலே சோதனையின் சாரம்.

அமைப்பின் பிரதியை வேறிடத்திற் பேணுவதும் இப்பணியின் பகுதியே. 2023இல் இலங்கை அரசாங்க முகில் முறைமை பணயத் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்கப்பட முடியாது போயின. அக்காலப்பகுதிக்குத் தனியான பிரதி இல்லாமையே காரணம். வழிப்படுத்தியின் அமைப்பு முழுவதும் சில பக்க எழுத்தே. அதனைப் பேணாதிருப்பதற்கு நியாயம் எதுவுமில்லை.

7. சுவரைச் சுற்றிய வழிகள்

இவ்வளவும் செய்தபின்னும், வழிப்படுத்தியைத் தொடாத வடமொன்று இருப்பின் யாவும் வீண். இதற்கு உலக வரலாறு தரும் தெளிவான பாடம் அமெரிக்காவின் ஒகைய்யோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸே அணுமின் நிலையமாகும். 2003 ஜனவரியிலே சிலாமர் என்னும் கணினிப் புழு உலகெங்கும் பரவியது. அந்நிலையத்தின் தீச்சுவர் அப்புழு பயன்படுத்திய துறையைத் தடுக்கும் வகையிலேயே அமைந்திருந்தது. ஆயினும் ஒப்பந்தகாரர் ஒருவரின் வலையமைப்பிலிருந்து நிறுவனத்தின் வலையமைப்புக்குத் தனியானதொரு தொலைபேசி இணைப்பு இருந்தது. புழு அவ்வழியே நுழைந்து, நிலையத்தின் வலையமைப்பை அடைந்து, பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் முறைமையை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் முடக்கியது. உலை அவ்வேளை வேறு காரணத்தால் நிறுத்தப்பட்டிருந்தமை நற்பேறே. சுவர் பழுதுபடவில்லை, சுவருக்குத் தெரியாத ஆறாவது இடைமுகமொன்று இருந்தது எனலாம்.

2015 டிசெம்பர் 23ஆம் திகதி உக்ரேனிலே மூன்று மின்விநியோக நிறுவனங்கள் தாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 225,000 நுகர்வோர் சில மணி நேரம் இருளில் மூழ்கினர். தாக்கியோர் கட்டுப்பாட்டு முறைமையை நேரே அணுகவில்லை. மின்னஞ்சலின் வழியே அலுவலகக் கணினிகளுள் புகுந்து, ஊழியரின் கடவுச்சொற்களைத் திருடி, தொலைநிலைப் பணிக்கென நியாயமாகத் திறக்கப்பட்டிருந்த வழியாலேயே உள்ளே சென்றனர். மின்சாரத்தை மீட்டவர்கள், உபமின்நிலையங்களுக்குச் சென்று ஆளிகளைக் கையால் மூடிய தொழிலாளர்களே.

மூன்றாவது எடுத்துக்காட்டு மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், தமிழ்நாட்டின் கூடங்குளத்தில் உளது. அந்நிலையத்தின் கணினியொன்றிலே தீங்கிழைக்கும் மென்பொருள் காணப்பட்டதை, தொடக்கத்து மறுப்பின் பின்னர், இந்திய அணுமின் கழகம் 2019 ஒக்டோபர் 30ஆம் திகதி ஏற்றுக்கொண்டது. பாதிக்கப்பட்ட கணினி, நிருவாகப் பணிகளுக்கென இணையத்தோடு இணைந்திருந்த வலையமைப்பைச் சேர்ந்தது என்றும், முக்கிய உள்வலையமைப்பு அதனிலிருந்து பிரிக்கப்பட்டுள்ளது என்றும் கழகம் அறிவித்தது. அங்கு மக்களுக்குத் தரப்பட்ட ஒரே உறுதிமொழி, இரு வலையமைப்புகளுக்கு இடையேயான பிரிவு பற்றியதே என்பதை நாம் கருத்திற்கொள்ளவேண்டும்.

இப்பிரிவு ஏன் இத்துணை முக்கியமாகின்றது? தொழிற்சாலைக் கட்டுப்படுத்திகள் பேசும் பழைய நெறிமுறைகள் பலவற்றுக்கு, கட்டளையிடுபவர் யாரெனக் கேட்கும் வழக்கமே இல்லை. 1979இல் தோன்றி இன்றும் உலகெங்கும் வழங்கும் மொட்பஸ் அத்தகையது. வந்த கட்டளையை அது நிறைவேற்றும். தன்னைத் தானே காக்க இயலாத கருவிக்கு, அதனை அடையும் வழியே காவலாக அமையவேண்டும்.

8. நம்பிக்கையின் சமூக அடிப்படை

மேற்கூறிய மூன்று நிகழ்ச்சிகளிலும் பொதுவானதொரு பண்பு காணப்படுகின்றது. ஆபத்து "வெளி" எனப் பெயரிடப்பட்ட வாயிலை உடைத்துக்கொண்டு வரவில்லை. "எம்மவர்" எனக் கருதப்பட்ட பக்கத்திலிருந்தே வந்தது. பிஎஃப்சென்ஸிலே முதலாவது உள் இடைமுகத்திலிருந்து எங்கும் செல்ல இயல்பாகவே அனுமதி உண்டு. பின்னர் சேர்க்கப்படும் இடைமுகங்களுக்கோ விதி எழுதப்படும்வரை எவ்வனுமதியும் இல்லை. முன்னையது வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் வசதியானது. பின்னையதே மின்னிலையத்துக்கு உரியது. உள்ளே இருப்பவை யாவும் நம்பத்தக்கவை என்னும் முன்முடிவு, மென்பொருளின் இயல்புநிலையாக அமைந்து, எவராலும் விவாதிக்கப்படாமலே நடைமுறையாகிவிடுகின்றது.

எனவே, இடைமுகத்துக்குப் பெயரிடுதல் தொழினுட்பவியலாளர் ஒருவர் தனியறையில் இருந்து செய்து முடிக்கும் வேலையன்று. யார் யாரை எதன்பொருட்டு நம்புவது என்னும் சமூக உடன்பாட்டின் எழுத்து வடிவமே அது. இயந்திரங்களை வழங்கிய அந்நிய நிறுவனங்கள் தொலைவிலிருந்தே பராமரிக்க விழைவது இன்று எங்கும் காணப்படும் போக்கு. அவ்வழி எப்போது திறக்கப்படும், யார் முன்னிலையில் திறக்கப்படும், யார் மூடுவர் என்பன ஒப்பந்தத்தின் உட்பிரிவுகளில் மறையாது, நிலையத்தின் பதிவேட்டிலே தெளிவாக இடம்பெறவேண்டும். கடனோடு வந்த இயந்திரம் வழங்கியவரின் வடத்தோடும் வருமாயின், அவ்வடத்தின் முனையும் எமது வழிப்படுத்தியிலேயே வந்து முடியவேண்டும்.

இன்னொரு கூறு அறிவு பற்றியது. கட்டுப்பாட்டறையில் இரவுப்பணி புரிபவர், வடத்தை மாற்றும் தொழில்வினைஞர், வாயிற்காவலர் ஆகிய யாவரும் "இந்த வடத்தை அந்தத் துவாரத்தில் செருகலாகாது" என்பதன் காரணத்தை அறிந்திருக்கவேண்டும். அதற்கு, அமைப்பின் வரைபடமும் இருபது வழிகளின் அட்டவணையும் சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்பட்டிருத்தல் அவசியம். மூல நிரல் திறந்திருப்பது ஒருவகைச் சனநாயகம். அதனை இயக்குவோரின் மொழியில் விளக்கம் இல்லையாயின் அச்சனநாயகம் பாதியிலேயே நின்றுவிடும். இடைமுகம், தீச்சுவர், வழிப்படுத்தி, ஆளி, பொதி, துறை ஆகிய சொற்கள் தமிழிலே நிலைபெற்றுவிட்டன. அவற்றைக்கொண்டு வேலைத்தலத்துக்கு உதவும் கைந்நூல்களை ஆக்குவது பல்கலைக்கழகங்களின் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

நுரைச்சோலை மக்கள் நிலக்கரித் தூசியையும் சாம்பலையும் பற்றிப் பல்லாண்டுகளாக முறையிட்டு வந்துள்ளனர். மின்னிலையத்தின் சுமையை மூச்சிலே சுமப்பவர்கள் அவர்கள்; அதன் ஒளியை நாம் யாவரும் நுகர்கின்றோம். இத்தகைய நிலையமொன்றின் வலையமைப்பு எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது என்பதன் நுணுக்கங்கள் இரகசியமாக இருக்கலாம். ஆனால், அது பிரிக்கப்பட்டுள்ளதா, அப்பிரிவு ஆண்டுதோறும் சுதந்திரமான குழுவொன்றினால் சோதிக்கப்படுகின்றதா, சோதித்தவர் "இல்லை" என்ற வழிகளையும் சோதித்தாரா என்னும் வினாக்கள் இரகசியத்துக்குரியன அல்ல. அவற்றை எழுப்பும் உரிமை மின்கட்டணம் செலுத்தும் ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் உண்டு. அவ்வினாக்களைத் திருத்தமாக எழுப்புவதற்கு வேண்டிய அடிப்படை அறிவைப் பொதுவுடைமையாக்குவதே எம்போன்றோரின் கடனாகும்.